காலண்டர் ஓவியர் சி. கொண்டைய ராஜு



ஆடி 18 அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். பிறகு ஏஜெண்டுகள் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். நம் சேவூர்ப் பக்கமும் வருவார்கள். உங்களில் மளிகைக்கடை வைத்திருப்போர், நிட்டிங் யூனிட் போட்டிருப்போர், ஸ்டிச்சிங் ஜாப் ஒர்க் எடுப்போர் எல்லாரும் ஆல்பத்தைப் புரட்டி ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதிக்கொடுத்து அட்வான்ஸ் தருவீர்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை.

அந்த ஆல்பத்தில் நீங்கள் பார்க்கும் முருகனுக்கும் லட்சுமிக்கும் மீனாட்சிக்கும் அந்த முகமும் அந்த நிறமும் எங்கிருந்து வந்தன என்று யோசித்ததுண்டா? அதில் பெரும்பங்கு ஓர் ஓவியருக்கு உரியது. அவர் பெயர் சி. கொண்டைய ராஜு. இந்த இதழில் அவர் வாழ்க்கையைச் சொல்கிறோம்.

அவர் சென்னை மயிலாப்பூரில் 1898-ஆம் ஆண்டு பிறந்தார். சென்னை ஓவியக் கல்லூரியில் முறைப்படி படித்தார். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே மேல்நாட்டு முறைதான் கற்றுக்கொடுத்தார்கள். ஒளி எந்தப் பக்கம் விழுகிறது, உடம்பின் எலும்பும் தசையும் எப்படி அமைந்திருக்கின்றன, தூரத்தில் இருப்பதை எப்படிச் சிறிதாகக் காட்டுவது என்பதெல்லாம் அந்தப் படிப்பு. அப்படிப் படித்தவர் அரசு வேலையில் சேரலாம், ஜமீன்தார்களின் உருவப்படங்களை வரைந்து சம்பாதிக்கலாம். ஆனால் அவர் மனம் துறவின் பக்கம் போயிற்று. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

பிறகு நாடகக் கம்பெனி ஒன்றில் சீன் வரைபவராகச் சேர்ந்தார். அந்தக் காலத்து நாடகத்தில் அரண்மனை, காடு, தெரு, கைலாயம் எல்லாமே படுதாவில் வரைந்தவைதான். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் படுதா விழுந்த உடனே அது என்ன இடம் என்று தெரிய வேண்டும். நுணுக்கமாக எவ்வளவு வரைந்தாலும் தூரத்திலிருந்து தெரியாவிட்டால் பயனில்லை. ஓவியக் கல்லூரி சொல்லிக்கொடுக்காத இந்தப் பாடம் பின்னால் அவருக்கு மிகவும் கைகொடுத்தது.

1940-களின் முற்பகுதியில் அந்தக் கம்பெனி கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கலைந்துபோனது. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. குடும்பம் இல்லை, கையில் வேலையும் இல்லை. அவரை நம்பித் தொழில் கற்க வந்த இளைஞர்கள் வேறு கூட இருந்தார்கள். அவர் சென்னைக்குத் திரும்பவில்லை. கோவில்பட்டியிலேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்ற பெயரில் ஒரு ஸ்டுடியோவைத் தொடங்கினார். அங்கே போட்டோ எடுத்தார்கள், படம் வரைந்தார்கள். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம், செண்பகராமன் போன்ற மாணவர்கள் அவரிடம் உருவானார்கள்.

அந்த ஊரில் தங்கியது காலத்துக்கு ஏற்றதாக அமைந்தது. கோவில்பட்டியும் சிவகாசியும் தீப்பெட்டி ஊர்கள். ஒவ்வொரு தீப்பெட்டிக்கும் ஒரு லேபிள் வேண்டும். பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அந்த லேபிள்களுக்காகவே சிவகாசியில் அச்சகங்கள் பெருகின. அச்சகம் பெருகியதும் காலண்டர் அச்சடிக்கும் தொழில் வளர்ந்தது. அச்சு இயந்திரங்கள் வந்துவிட்டன, அவற்றுக்குப் படம் வரைந்து தர ஆள் தேவைப்பட்டது. கொண்டைய ராஜுவும் அவர் மாணவர்களும் அந்தத் தேவையை நிறைவு செய்தார்கள்.

தெய்வப் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது அதற்கு முன்பே இருந்ததுதான். நம்மைப் போன்ற ஜவுளிக்காரர்களுக்கு இது சுவையான செய்தி. மான்செஸ்டர் மில்கள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக்கட்டுகளின் மேல் நம் சாமி படங்களை லேபிளாக அச்சடித்து ஒட்டி அனுப்பின. எழுத்துத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து இன்ன கம்பெனித் துணி என்று கேட்டு வாங்குவார்கள். ராஜா ரவிவர்மா 1894-இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வண்ணப் படங்கள் நாடெங்கும் போயின. கொண்டைய ராஜு அந்த வழியில் வந்தவர். ஆனால் தமிழ்நாட்டுக் கோயிலையும் தமிழ்நாட்டு வீட்டையும் மனதில் வைத்து வரைந்தார்.

அவர் படங்களைக் கவனியுங்கள். தெய்வம் பெரும்பாலும் நேராக நம்மைப் பார்க்கும். வீட்டில் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் சாமி நம்மைப் பார்ப்பது போல இருக்கும். கோயிலில் தரிசனம் செய்யும்போது எப்படியோ அப்படி. முகம் சாந்தமாக, உருண்டையாக இருக்கும். நகை, மாலை, பட்டுச் சேலையின் கரை எல்லாம் கோயில் அலங்காரம் போலத் தெளிவாகத் தெரியும். நிறங்கள் பளிச்சென்று இருக்கும். கல்லூரியில் கற்ற உடலமைப்பும், நாடகப் படுதாவில் கற்ற தூரப் பார்வையும், தன் பக்தியும் சேர்ந்து அமைந்த படங்கள் அவை. அவர் வரைந்த மீனாட்சி திருக்கல்யாணமும் கஜலட்சுமியும் பல வீட்டுப் பூஜை அறைகளில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டன.

இங்கேதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. காலண்டர் ஒரு விளம்பரம். படம் மேலே, கடைப் பெயர் கீழே. ஒரே படத்தைச் சென்னை நகைக்கடையும் வாங்கலாம், சேவூர் மளிகைக்கடையும் வாங்கலாம். பெயரை மட்டும் தனியாக அச்சடிப்பார்கள். நோட்டீஸ் கொடுத்தால் படித்துவிட்டுக் கீழே போட்டுவிடுவார்கள். காலண்டரில் சாமி படம் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஆணியில் தொங்கும். ஆண்டு முடிந்த பிறகும் கிழித்துப் போட மனம் வராது. தேதித் தாளை எடுத்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டு வைத்துக்கொள்வார்கள். படம் நன்றாக இருந்ததால்தான் கீழே இருந்த பெயரும் நிலைத்தது.

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்தது என்ன? படம் லட்சக்கணக்கில் அச்சானாலும், ஓவியருக்கு அந்த ஒரு படத்துக்குரிய தொகைதான் அந்தத் தொழிலின் வழக்கம். பெரிய ஓவியக் கண்காட்சிகளில் காலண்டர் ஓவியத்துக்கு அந்நாளில் இடம் தரவில்லை. அவரும் அதைத் தேடிப் போகவில்லை. மாணவர்களோடு சேர்ந்தே வேலை செய்தார். சில படங்களில் தன் பெயருக்குப் பக்கத்தில் மாணவர் பெயரையும் போட்டார். குருவின் பெயர் மட்டும் இருந்தாலே படம் விலை போகும் என்ற நிலையில் இது சாதாரண விஷயமில்லை. அந்த மாணவர்களும் பின்னால் பெயர் பெற்ற காலண்டர் ஓவியர்களானார்கள்.

1976-ஆம் ஆண்டு கொண்டைய ராஜு காலமானார். வெளிநாட்டு ஆய்வாளர்களும் அவர் படங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் நம் வீடுகளில் அவர் படத்தைக் கும்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

நம் ஊரிலும் இன்று லேபிள், ஹேங் டேக், பனியன் பெட்டி, விசிட்டிங் கார்டு, கேட்லாக் எல்லாவற்றுக்கும் டிசைன் தேவைப்படுகிறது. அதைச் செய்துதரும் பிள்ளைகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு படத்தை எடுத்து வைத்து இன்று மாலைக்குள் முடித்துக்கொடு என்று சொல்கிறோம். டிசைனுக்குத் தனியாகக் காசா என்றும் கேட்கிறோம். பத்து ரூபாய்க்கு அச்சடிக்கத் தயங்காத நாம் ஒரு ரூபாய் டிசைனுக்குத் தர யோசிக்கிறோம்.

ஆகவே அன்பர்களே, இரண்டு வேண்டுகோள். இந்த முறை காலண்டர் ஏஜெண்டு வரும்போது விலையை மட்டும் பார்க்காமல் படத்தையும் நிதானமாகப் பாருங்கள். உங்கள் பெயர் ஓர் ஆண்டு அதன் கீழேதான் இருக்கப்போகிறது. டிசைன் செய்யும் பிள்ளைக்கு உரிய கூலியும் போதிய நேரமும் கொடுங்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பரணிலோ பூஜை அறையிலோ பழைய காலண்டர் படம் இருந்தால் பழைய தாள்காரருக்குப் போடும் முன் ஓரத்தைக் கொஞ்சம் துடைத்துப் பாருங்கள். சிறிய எழுத்தில் கொண்டைய ராஜு என்றோ அவர் மாணவர் பெயரோ இருக்கலாம். இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தை ஒரு போட்டோ எடுத்து நம் சங்கத்துக்கும் அனுப்புங்கள். அடுத்த இதழில் எல்லாரும் பார்க்கலாம்.