கேலுஸ்கர் தந்த நூலும் அம்பேத்கர் திறந்த விடுதியும்

பம்பாய் சர்னி ரோடு பூங்காவில், பள்ளி முடிந்த மாலை வேளைகளில், ஒரு சிறுவன் தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருப்பான். அதே பூங்காவுக்கு நாள்தோறும் வந்த ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் ஒருநாள் அருகே சென்று யார் என்று விசாரித்தார். மகர் சாதிச் சிறுவன் என்று அறிந்தபின் அவர் விலகிச் செல்லவில்லை. படிப்பதற்கு நூல்கள் கொண்டுவந்து கொடுத்தார். எப்படிப் படிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு ஊதியம் இல்லை. அந்தச் சிறுவன் அவருடைய பள்ளி மாணவனும் அல்லன்.

அச்சிறுவன் பீமராவ் அம்பேத்கர், எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தார். கணக்கு ஒன்றைப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சோற்றுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று சக மாணவர்கள் ஓடிச்சென்று அவற்றை அகற்றிய வகுப்பறை அது. சமஸ்கிருதம் படிக்க விரும்பியவருக்கு அது மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்துப் படித்தார். வீடு பரேலில் ஒரே அறை. இரவு 2 மணிவரை தந்தை ராம்ஜி விழித்திருந்து, பிறகு மகனை எழுப்பிப் படிக்கவைத்துவிட்டுத் தாம் உறங்கச் செல்வார். புத்தகம் வாங்க மகள்களின் நகைகளைக் கடனாகப் பெற்றவர் அவர். அம்பேத்கரின் முதல் வழிகாட்டி யார் என்ற கேள்விக்கு ராம்ஜியின் பெயரையே முதலில் சொல்ல வேண்டும். கேலுஸ்கரின் கதையை மேல்சாதிக் கருணையின் கதையாக மாற்றிச் சொல்பவர்கள் இந்த ஒற்றை அறையை மறந்துவிடுகிறார்கள்.

பள்ளித் தேர்வொன்றில் பீமராவ் தேறியதைச் சமூகத்தார் விழாவாகக் கொண்டாட விரும்பினர். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று ராம்ஜி மறுத்தார். அவருடைய நண்பருமான கேலுஸ்கர்தான் பேசி இசையவைத்தார். எஸ்.கே. போலே தலைமையில் நடந்த அக்கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைக் கேலுஸ்கர் பரிசளித்தார். 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் பீமராவ் பெற்றது 750க்கு 282 மதிப்பெண். இன்றைய அளவுகோலில் மிகக் குறைவாகத் தோன்றும் எண் அது. மதிப்பெண்ணைப் பார்த்து மட்டுமே மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நம்முடைய மாலைநேரப் பயிற்சி மையங்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்டர்மீடியட் தேறியபின் மேலே படிக்கப் பணமில்லை. தீண்டப்படாத சமூக மாணவர்களுக்கு உதவ முன்வந்திருந்த பரோடா மன்னர் சயாஜிராவிடம் கேலுஸ்கரே அவரை அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் கிடைத்தது. 1912இல் பி.ஏ.; 1913இல் அதே மன்னரின் உதவியுடன் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம்.

1917இல் உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்றார். எங்கும் அறை கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கும்பலால் வெளியேற்றப்பட்டார். இம்முறையும் கேலுஸ்கர் முயன்றார். பரோடாவில் இருந்த தம் நண்பரான பேராசிரியர் ஒருவர் வீட்டில் கட்டணம் செலுத்தித் தங்க ஏற்பாடு செய்தார். அம்பேத்கர் ரயிலை விட்டு இறங்கியதும் பேராசிரியரின் கடிதம் கைக்கு வந்தது: மனைவி சம்மதிக்கவில்லை. அவர் பம்பாய்க்கே திரும்பினார். நல்லெண்ணம் கொண்ட ஒருவர் நூலையும் உதவித்தொகையையும் பெற்றுத்தர முடிந்தது. ஓர் அறையைப் பெற்றுத்தர முடியவில்லை.

பிற்கால அம்பேத்கரை இந்த ரயில் நிலையத்திலிருந்து பார்த்தால் ஒன்று விளங்கும். இளைஞர்களுக்கு அவர் முதலில் அமைத்துத் தந்தவற்றுள் ஒன்று தங்குமிடம். 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா, 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. உடையும் எழுதுபொருளும் கொடுத்தது. பம்பாயில் இலவச நூலகம் ஒன்றும், சூதிலும் குடியிலும் இளைஞர்கள் வீழாதிருக்க ஹாக்கி குழு ஒன்றும் நடத்தியது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானபின், அலிகார், பனாரஸ் பல்கலைக்கழகங்களுக்கு அரசு தந்துவந்த உதவியைச் சுட்டிக்காட்டி வாதாடிப் பட்டியல் சாதியினரின் கல்விக்கு 3 லட்சம் ரூபாய் பெற்றார். 16 மாணவர்கள் மேற்படிப்புக்காக வெளிநாடு சென்றனர். 1945இல் மக்கள் கல்விக் கழகம். 1946இல் பம்பாய் சித்தார்த்தா கல்லூரி. வேலைக்குப் போகும் இளைஞர்களும் படிக்கும்படி அங்கு வகுப்புகள் காலையில் நடந்தன.

தனிமனிதர்களுக்கும் அவர் நேரம் ஒதுக்கினார். 1943இல் சிம்லாவில் தம்மைக் காணவந்த 16 வயது பகவான் தாஸுடன் அமர்ந்து பேசினார். அவ்விளைஞர் பின்னாளில் அவருடைய ஆய்வுப் பணிகளுக்குத் துணைநின்று, அவருடைய உரைகளைத் தொகுத்து நூல்களாக வெளியிட்டார்.

எல்லோரும் அப்படி அமையவில்லை. 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசியபோது, படித்து முன்னேறியவர்கள் சமூகத்தைக் கைவிட்டார்கள் என்று அம்பேத்கர் வெளிப்படையாக மனம் நொந்தார். தாம் வளர்த்த தலைமுறை எழுத்தர் பணியோடு ஒதுங்கிக்கொண்டது என்பதே அவருடைய குறை. அந்தக் குறைக்கு இன்றைய விடுதி மாணவர்களாகிய நாமும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் ஒருவர் எந்தப் பாடத்தை எடுப்பது, எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறார். வாரத்தில் ஒரு மாலையை அவருக்காக ஒதுக்கப் பெரும் படிப்போ பணமோ தேவையில்லை.

அதே ஆண்டில் தம் இறுதி நூலான புத்தரும் அவர் தம்மமும் நூலுக்கு ஒரு முன்னுரை எழுதினார். தாம் புத்தரிடம் வந்த வழியை அதில் விவரிக்கும்போது, அந்தப் பாராட்டுக் கூட்டத்தையும் தாதா கேலுஸ்கர் தந்த நூலையும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நினைவுகூர்ந்தார். டிசம்பர் 6 அன்று காலமானார். நூலை 1957இல் அவர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியின் பதிப்பகமே வெளியிட்டது. அந்த முன்னுரை அதில் இடம்பெறவில்லை.