தாடையும் வயிறும்: மருத்துவர் டெனிஸ் பர்கிட்

இரத்தப் புற்றுநோய் என்றதும் நம் மனக்கண்முன் வருவது வெளிறிய முகமும், கையில் ஏற்றப்படும் இரத்தமும்தான். அந்நோய் வயிற்றிலும் கட்டியாக வரக்கூடும் என்று சொன்னால் வியப்படைவோர் பலர். இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் ஒருவகை, நிணநீர்ச் சுரப்பிகளில் மட்டுமல்லாமல், நம் குடலின் சுவரிலும் திரளாகத் தங்கியிருக்கின்றது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் இவை ஏராளம். இவ்வணுக்களில் உருவாகும் புற்றுநோய்களுள் ஒன்று, ஓரிரு நாள்களிலேயே இருமடங்காக வளரும் வேகம் கொண்டது. பெரும்பாலும் சிறுபிள்ளைகளையே தாக்குவது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குத் தாடையிலும் வயிற்றிலும் வருகிறது. ஏனைய நாடுகளில் பெரும்பாலும் வயிற்றில் தோன்றி, குடலை அடைத்துவிடுகிறது. வெறும் வயிற்றுவலி என்று நினைத்து அறுவை மருத்துவரிடம் கொண்டுவரப்படும் பிள்ளைகள் உண்டு. இந்நோய் பர்கிட் லிம்ஃபோமா என்று அழைக்கப்படுகிறது. பர்கிட் என்பது ஒரு மனிதரின் பெயர்.

டெனிஸ் பர்கிட், 1911ம் ஆண்டு பிப்ரவரி 28ம் தேதி, அயர்லாந்தின் எனிஸ்கில்லன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜேம்ஸ், அந்த மாவட்டத்தின் பொறியாளர். ஓய்வு நேரத்தில் ராபின் பறவைகளின் கால்களில் வளையம் மாட்டி, எந்தப் பறவை எந்த எல்லைக்குள் வாழ்கிறது என்று வரைபடம் வரைந்தவர். பறவை ஆய்வாளர்கள் இன்றும் அவர் பெயரை நினைவுகூருகிறார்கள். இந்த வரைபடப் பழக்கம் மகனுக்கும் வந்தது என்றே சொல்ல வேண்டும்.

பதினொரு வயதில் டெனிஸ் ஒரு விபத்தில் வலது கண்ணை இழந்தார். பின்னர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே கிறிஸ்தவ மாணவர்களின் செபக்குழுவில் இணைந்தது அவரது வாழ்வின் திசையை மாற்றியது. இறைவன் தன்னை மருத்துவப் பணிக்கு அழைக்கிறார் என்று உணர்ந்து, பொறியியலை விட்டு மருத்துவத்திற்கு மாறினார். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும், செபமும் விவிலிய வாசிப்பும் இறுதிவரை அவருடைய ஒவ்வொரு நாளின் தொடக்கமாய் இருந்தன. ஆப்பிரிக்காவில் பணியாற்ற அவர் விண்ணப்பித்தபோது, ஒற்றைக் கண்ணர் என்ற காரணத்தால் காலனி அரசின் மருத்துவத் துறை அவரை ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்த பின், 1946ம் ஆண்டில்தான் உகாண்டா சென்றார். இரண்டு கண்கள் உள்ள பலர் காணாததை அங்கே அவர் கண்டார்.

1957ம் ஆண்டு, கம்பாலா நகரின் முலாகோ மருத்துவமனையில், சக மருத்துவர் ஹியூ டிரோவெல் ஒரு சிறுவனைப் பார்க்கும்படி அவரை அழைத்தார். ஐந்து வயது. மேல்தாடை, கீழ்த்தாடை, இடம், வலம் என நான்கு புறமும் வீக்கம். கிருமித் தொற்று என்றால் நான்கு இடத்தில் ஒரேநேரம் வராது. புற்றுநோயும் அப்படி வருவதில்லை. பர்கிட்டுக்கு விளங்கவில்லை. சில வாரங்கள் கழித்து ஜின்ஜா நகர மருத்துவமனைக்குச் சென்றிருந்தவர், தற்செயலாகச் சன்னல் வழியே வெளியே பார்த்தார். புல்வெளியில் ஒரு தாய், மடியில் குழந்தை. அக்குழந்தையின் முகத்திலும் அதே வீக்கம்!

ஒன்று புதிராக இருக்கலாம், இரண்டு அப்படி இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. முலாகோவின் பழைய பதிவேடுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். தாடையில் கட்டி இருந்த பிள்ளைகளில் பலருக்கு வயிற்றிலும், சிறுநீரகத்திலும், கல்லீரலிலும் கட்டிகள் இருந்தன. அதுவரை தாடையைப் பார்த்தவர் அதற்கு ஒரு பெயரும், வயிற்றைப் பார்த்தவர் வேறொரு பெயரும் எழுதிவைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நோய் என்பதை பர்கிட் உணர்ந்தார். 1958ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். தொடக்கத்தில் அதைக் கவனித்தவர் வெகு சிலரே. அது நிணநீர் அணுக்களின் புற்றுநோய் என்பதை நோய்க்குறியியலாளர்கள் உறுதிசெய்தார்கள்.

அடுத்து, இந்நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்ற கேள்வி. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. 25 பவுண்டு உதவித்தொகையைக் கொண்டு நோயாளிகளின் படங்களை அச்சிட்டு, ஆப்பிரிக்கா முழுவதும் உள்ள அரசு மருத்துவமனைகளுக்கும் மறைப்பணியாளர்களின் மருத்துவமனைகளுக்கும் அனுப்பி, இப்படிப்பட்ட குழந்தையைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். பின்னர், 1961 அக்டோபரில், டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்ற இரு மறைப்பணி மருத்துவர்களுடன், பழைய ஃபோர்டு வண்டி ஒன்றில் புறப்பட்டார். பத்து வாரம், பத்தாயிரம் மைல், ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள். வண்டி பழுதானால் சரிசெய்வது வில்லியம்ஸின் வேலை. ஒவ்வோர் ஊரிலும் அங்கேயே ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களிடம் பேசி, வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு பட்டை தெரிந்தது. உயரமான குளிர்ந்த மலைப்பகுதிகளிலும் மழை குறைந்த இடங்களிலும் நோய் இல்லை. மலேரியா மிகுந்த இடமே இந்நோயின் இடமாகவும் இருந்தது.

அதே ஆண்டு இலண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட அந்தோணி எப்ஸ்டைன் என்ற ஆய்வாளர், கட்டியின் துணுக்குகளை விமானத்தில் அனுப்பச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. 1963 டிசம்பரில், மூடுபனியால் விமானம் திசைமாறி, ஒரு துணுக்கு தாமதமாக வந்தது. கலங்கிய திரவத்தைக் கெட்டுப்போனதென்று கொட்டிவிடாமல் பார்த்தால், அதில் உயிருள்ள அணுக்கள் மிதந்தன. அவற்றை வளர்த்ததில் 1964ல் எப்ஸ்டைன்-பார் வைரஸ் தென்பட்டது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் இதுவே. வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் உடலில் இது தீங்கின்றி வாழ்கிறது. மலேரியாவால் திரும்பத் திரும்பத் தாக்கப்படும் சிறுபிள்ளைகளிடம்தான் இப்படி விபரீதமாகிறது.

கம்பாலாவில் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி இல்லை. வயிற்றில் பரவிய கட்டியைக் கத்தியால் வெட்டி முடிக்கவும் இயலாது. எனவே மருந்துகளை முயன்றார்கள். அவற்றுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாபிரகடா சுப்பாராவ் அமெரிக்காவில் வழிநடத்திய குழு உருவாக்கியது அது. ஸ்புரூ என்ற குடல்நோய்க்குத் தம் சகோதரர்களைப் பறிகொடுத்தவர் அவர் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். பல குழந்தைகளுக்கு நோய் மீண்டும் வந்தது, இறந்தார்கள். ஆனால் சிலருக்கு, மிகக் குறைந்த அளவு மருந்திலேயே முகவீக்கம் சில நாள்களில் வடிந்து, திரும்ப வரவே இல்லை. மருந்தால் மட்டும் புற்றுநோய் குணமாகும் என்று நம்புவோர் குறைவாக இருந்த காலம் அது. இன்று வசதியுள்ள நாடுகளில் இந்நோய் கண்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் அந்த அளவு பிழைப்பதில்லை. காரணம் நோயன்று, வறுமையும் தாமதமும்.

1966ல் இலண்டன் திரும்பிய பர்கிட்டின் கவனம் குடலின் மற்ற நோய்கள்மீது திரும்பியது. இங்கிலாந்தில் அன்றாடம் பார்க்கும் குடல்வால் அழற்சியும் பெருங்குடல் புற்றுநோயும் உகாண்டா கிராமங்களில் ஏன் அரிது? அங்குள்ளோர் உண்ணும் நார்ச்சத்தே காரணம் என்றார். இதில் அவர் சற்று மிகைப்படுத்தினார் என்பது என் எண்ணம். எல்லா நோய்க்கும் தவிடு விடையாகாது. ஆயினும், மலத்தை எடைபோட்டுப் பார்க்க வெட்கப்படாத அந்த மருத்துவரால் உலகின் சாப்பாட்டுத் தட்டு ஓரளவு மாறியது உண்மை. இந்த ஆய்வுக்கும் அவர் நம்பியிருந்தது தொலைவிலுள்ள மறைப்பணி மருத்துவமனைகளைத்தான். மாதந்தோறும் கேள்வித்தாள் அனுப்புவார்; அங்கிருந்து எண்ணிக்கைகள் வரும்; அவற்றை வரைபடத்தில் குறிப்பார். 1993ம் ஆண்டு மார்ச் 23ம் தேதி, 82வது வயதில், இங்கிலாந்தின் கிளஸ்டர் நகரில் அவர் காலமானார்.