பிரமாணம் செய்ய மறுத்த மந்திரி
அர்ச். தாமஸ் மோர் சரித்திரம்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 22ஆம் தேதியன்று கத்தோலிக்கத் திருச்சபையார் இரண்டு ஆங்கிலேயர்களின் திருநாளை ஒருங்கே கொண்டாடுகின்றனர். ஒருவர் ரோச்செஸ்டர் நகரத்து மேற்றிராணியாராயிருந்த ஜான் ஃபிஷர். மற்றவர் எட்டாம் ஹென்றி மன்னனிடம் சான்ஸலர் என்னும் தலைமை மந்திரி பதவியை வகித்த ஸர் தாமஸ் மோர். அர்ச்சியசிஷ்டர் என்ற மாத்திரத்தில் வனத்திலோ மடத்திலோ உலகத்தை வெறுத்து வாழ்ந்தவர் என்று எண்ணிக்கொள்வது நம்மவர் வழக்கம். மோர் அப்படிப்பட்டவரல்லர். இருமுறை விவாகம் செய்துகொண்டவர், நான்கு மக்களின் தந்தை, வக்கீல், பார்லிமெண்டின் சபாநாயகர், விருந்தினரையும் விகடத்தையும் பெரிதும் விரும்பியவர். ராஜீய வாழ்வின் நடுவே ஒரு மனிதர் பரிசுத்தத்தில் எங்ஙனம் வளர்ந்தார் என்பதை அறிய இவருடைய சரித்திரமே ஏற்றது.

லண்டன் நகரில் 1478ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தை ஜான் மோர் வக்கீலாயிருந்து பின்னர் நீதிபதியானவர். பாலியத்தில் கான்டர்பரி அதிமேற்றிராணியாராகிய மார்ட்டனுடைய மாளிகையில் ஏவலாளாக இருந்து, பெரிய மனிதர்களின் பேச்சையும் நடையையும் கற்றார். ஆக்ஸ்போர்டில் சுமார் இரண்டு ஆண்டுகள் படித்தபின், தந்தையின் விருப்பப்படி சட்டம் பயில லண்டனுக்குத் திரும்பினார்.

இக்காலத்தில்தான் இவருடைய உள்ளத்தில் பெரும் போராட்டம் ஒன்று நிகழ்ந்தது. லண்டன் கார்த்தூஸிய சந்நியாசிகளின் மடத்தையடுத்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வசித்து, வார்த்தைப்பாடு ஏதும் கொடாமலேயே அவர்களுடைய ஜெபத்திலும் ஒருசந்தியிலும் பங்குகொண்டார். துறவு பூணலாமா, இல்லறம் புகலாமா என்று நெடுநாள் சிந்தித்து, முடிவில் இல்லறத்தையே தெரிந்துகொண்டார். ஆயினும் மடத்தில் பழகிய ஒரு வழக்கத்தை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. மேலே பட்டாடையும் பதவிக்குரிய பொற்சங்கிலியும் விளங்க, உள்ளே தேகத்தை உறுத்தும் முரட்டு ரோமச் சட்டை ஒன்றை அணிந்து வந்தார். மூத்த குமாரத்தி மார்கரெட் அதை அறிவாள். அந்தரங்கமாக அதைத் துவைத்துக் கொடுப்பவளும் அவளே. ஒரு கோடைநாளில் கழுத்துப்பட்டி இல்லாமல் உணவருந்த உட்கார்ந்தபோது, மருமகள் அதைக் கண்டு சிரித்துவிட்டாளாம். மார்கரெட் குறிப்பாகத் தெரிவிக்கவே, மோர் சட்டென்று மறைத்துக்கொண்டார். தவத்தை ஊரறியச் செய்பவர்கள் மலிந்த எக்காலத்திலும் இச்சிறு சம்பவம் நினைக்கத் தக்கது.

1505ஆம் ஆண்டில் ஜேன் கோல்ட் என்னும் மங்கையை மணந்தார். இளைய சகோதரியின்மேல் விருப்பம் சென்றபோதிலும், அவளை முதலில் மணந்தால் மூத்தவளுக்கு அவமானமாகுமென்று மூத்தவளையே ஏற்றார் என்பது மருமகன் ரோப்பர் எழுதிவைத்த செய்தி. மூன்று பெண்களையும் ஒரு பிள்ளையையும் பெற்று, ஜேன் 1511இல் இறந்தாள். சிறு குழந்தைகளைக் காக்கவேண்டி, தம்மிலும் வயதில் மூத்த ஆலிஸ் என்ற விதவையை மிக விரைவில் மணந்துகொண்டார்.

செல்ஸியில் தேம்ஸ் நதிக்கரையில் அவர் அமைத்த இல்லம் ஒரு பாடசாலையாகவே இருந்தது. பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று ஐரோப்பா கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், தம் குமாரத்திகளுக்கு லத்தீனும் கிரேக்கமும் தர்க்கமும் வானசாஸ்திரமும் கற்பித்தார். மார்கரெட்டின் லத்தீன் புலமையைக் கண்டு அறிஞர்கள் வியந்தனர். ஹாலந்து தேசத்துப் பேரறிஞர் எராஸ்மஸ் இந்தக் குடும்பத்தின் உற்ற நண்பர். வீட்டை அடுத்துத் தனியே ஒரு கட்டடம் கட்டி, வெள்ளிக்கிழமைகளை அங்கே ஜெபத்தில் கழித்தார். வயது சென்ற ஏழைகளுக்கென்று ஒரு விடுதியும் ஏற்படுத்தினார். கோவிலில் சாதாரணப் பாடகரோடு பாடகராக நின்று பாடுவார். மந்திரிக்கு இது தகுமா என்று பிரபுக்கள் முகஞ்சுளித்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

1510இல் லண்டன் நகர உதவி ஷெரீப்பானார். 1516இல் லத்தீன் பாஷையில் அவர் எழுதிய 'உட்டோபியா' வெளிவந்தது. தனிச்சொத்தே இல்லாத ஒரு கற்பனைத் தீவின் ஆட்சியைக் கூறும் அந்நூல், திருடனைத் தூக்கிலிடும் சட்டத்தையும், ஆட்டுமந்தைக்காக உழவர்களை நிலத்திலிருந்து விரட்டும் பேராசையையும் கண்டித்தது. பிற்காலத்துப் பொதுவுடைமையாளர் பலர் அதைத் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடினர். அர்ச்சியசிஷ்டர் பட்டியலிலும் பொதுவுடைமையாளர் போற்றும் பட்டியலிலும் ஒருங்கே இடம்பெற்ற மனிதர் எத்தனை பேர்!

மன்னன் இவரை விடுவதாயில்லை. 1518 முதல் ராஜ ஆலோசனைச் சபையிலும், 1523இல் சபாநாயகர் பீடத்திலும் அமர்ந்தார். ஹென்றி முன்னறிவிப்பின்றிச் செல்ஸிக்கு வந்து, மோருடைய கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் ஒருமணி நேரம் உலாவுவதுண்டு. இந்தப் பாக்கியத்தைக் கண்டு மருமகன் மகிழ்ந்தபோது, தம் தலையைக் கொடுத்தால் பிரான்ஸில் ஒரு கோட்டை கிடைக்குமென்றால் மன்னன் அதைக் கொடுக்கத் தயங்கமாட்டான் என்று மோர் சொன்னாராம். ராஜ சிநேகத்தின் விலையை அத்தனை சரியாக மதிப்பிட்டிருந்தவர், அதை நம்பி வாழவும் இல்லை. அதற்கு அஞ்சி ஓடவும் இல்லை.

கார்டினல் உல்ஸி வீழ்ந்தபின், 1529 அக்டோபரில் மோர் சான்ஸலர் ஆனார். தேங்கிக் கிடந்த வழக்குகளைத் தீர்த்தார். கைக்கூலி தீண்டாதவர் என்று பெயரெடுத்தார். தினந்தோறும் தம் நீதிஸ்தலத்துக்குப் போகும் வழியில், தந்தை நீதிபதியாக வீற்றிருந்த மன்றத்தினுள் நுழைந்து, எல்லோரும் பார்க்க முழங்காலிட்டு ஆசீர்வாதம் பெற்ற பின்னரே செல்வார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. இவர் சான்ஸலராயிருந்த காலத்தில், புதிய மதக் கொள்கைகளைத் தழுவிய ஆறு பேர் இங்கிலாந்தில் உயிரோடு எரிக்கப்பட்டனர். அச்சட்டத்தை மோர் ஆதரித்தார். அவ்வாறு எரிப்பது நியாயமென்று புத்தகங்களிலும் வாதாடினார். அக்காலத்தில் இரு கட்சியாரும் அப்படியே எண்ணினர் என்று சமாதானம் கூறுவாருண்டு. அது காரணமாகலாம், எரிந்தவர்களுக்கு அது ஆறுதலாகாது. தம் மனச்சாட்சிக்காக உயிர் துறந்த இவர், பிறருடைய மனச்சாட்சிக்கு அதே உரிமையை வழங்கவில்லை. திருச்சபை இவரை வணங்குவதும், சரித்திரக்காரர் இதைக் குறிப்பதும் ஒன்றையொன்று அழிக்கவேண்டியதில்லை.

மன்னனுடைய விவகாரம் இதற்கிடையே முற்றிக்கொண்டிருந்தது. ராணி காதரீனுக்கு ஆண் மகவு தங்கவில்லை. மன்னனுக்கு ஆன் பொலினிடம் மோகம். முதல் விவாகம் செல்லாது என்று தீர்ப்பளிக்கப் பாப்பரசர் ஏழாம் கிளமெண்ட் இசையவில்லை. ஆகவே திருச்சபையையே தன் கைக்குள் கொண்டுவர ஹென்றி துணிந்தான். 1532 மே 15ஆம் தேதி, இங்கிலாந்தின் குருமார் சபை மன்னனுக்கு அடிபணிந்தது. மறுநாளே மோர் தம் பதவியைத் துறந்தார். வருமானம் சுருங்கியது, வேலையாட்களுக்கு வேறு இடம் தேடிக் கொடுத்துவிட்டு, குடும்பத்தாரைக் கூட்டி இனிச் சிக்கனமாக வாழவேண்டுமென்றார். தம்முடைய நூல்களுக்காகக் குருமார்கள் சேர்த்தளித்த பெருந்தொகையையும் வாங்க மறுத்துவிட்டார். 1533 ஜூன் முதல் தேதி நடந்த ஆன் பொலினின் முடிசூட்டு விழாவுக்குப் புத்தாடை வாங்கிக்கொள்ளும்படி மூன்று மேற்றிராணிமார் இருபது பவுன் அனுப்பினார்கள். பணத்தை வாங்கிக்கொண்டார், விழாவுக்குப் போகவில்லை. மனிதரிடம் விகடம் இருந்ததென்று முன்னே சொன்னோமல்லவா?

1534இல் பட்ட உரிமைச் சட்டம் வந்தது. ஆன் பொலினின் சந்ததியே வாரிசு என்று ஒப்பிப் பிரஜைகள் சத்தியப் பிரமாணம் செய்யவேண்டும். ஏப்ரல் 13ஆம் தேதி லாம்பெத் மாளிகைக்கு மோர் அழைக்கப்பட்டார். யார் அரசாள்வது என்பதைப் பார்லிமெண்ட் நிர்ணயிக்கலாம். அதற்குப் பிரமாணம் செய்ய அவர் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அவர்முன் வைத்த பிரமாணம் முதல் விவாகத்தையும் பாப்பரசரின் அதிகாரத்தையும் தள்ளுபடி செய்வதாயிருந்தது. அதற்கு மட்டும் இணங்க மறுத்தார். யோசிக்கும்படி அவரை ஒரு ஜன்னலோரம் உட்காரவைத்தனர். கீழே தோட்டத்தில் லண்டன் குருமார்கள் பிரமாணம் செய்துவிட்டுக் களிப்போடு உலாவுவதை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கற்றோரும் பெரியோரும் ஒப்பிய பின்னர்த் தாம் ஒருவர் மறுப்பது ஆணவமல்லவா என்ற கேள்வி அவர் முன் வைக்கப்பட்டது. ஒப்பியவர்களைத் தாம் குறைகூறவில்லை, தம் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை என்பதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. ஏப்ரல் 17ஆம் தேதி லண்டன் டவர் சிறையில் அடைக்கப்பட்டார்.

சிறைவாசம் பதினைந்து மாதங்களுக்குச் சற்றுக் குறைவு. கைதியின் உணவுச் செலவைக் கைதியே தரவேண்டும் என்பது அக்கால வழக்கம்; அவருக்கும் ஒரு வேலையாளுக்குமாக வாரம் பதினைந்து ஷில்லிங். அதைச் செலுத்த ஆலிஸ் அம்மாள் தன் ஆடைகளை விற்கும்படி ஆயிற்று. ஒருநாள் அவள் சிறைக்கு வந்து, செல்ஸியில் மாளிகையும் நூல்களும் தோட்டமும் இருக்க, எலிகள் நடுவே இங்கே கிடப்பதென்ன மூடத்தனம் என்று கடிந்தாள். மோட்சத்துக்கு அந்த வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவுதானே இதுவும் என்று அவர் கேட்க, அவளுக்கு எரிச்சலே மிஞ்சியது. அவளைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. கணவன் சிறைபுக, வீட்டைக் கட்டிக் காத்தவள் அவள்.

மார்கரெட்டின் வருகையே கடினமான சோதனை. அவள் வேறு வழியின்றிப் பிரமாணம் செய்திருந்தாள். தந்தையும் செய்துவிட்டு வீடு திரும்பவேண்டுமென்று கண்ணீரோடு மன்றாடினாள். ராஜ சபையாரின் பயமுறுத்தல் அவரை அசைக்கவில்லை. மகளின் கண்ணீர் அவரை வருத்தியதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. தம்மைத் தைரியசாலி என்று அவர் எண்ணிக்கொள்ளவில்லை. வேதனைக்கு அஞ்சும் சுபாவமுடையவரென்றே தம்மை மதித்தார். வேதசாட்சி மரணத்தை வலியத் தேடுவது கர்வமாகுமென்று பயந்து, சட்டம் அளித்த ஒவ்வொரு காப்பையும் பயன்படுத்திக்கொண்டார். கெத்சமனித் தோட்டத்தில் கிறிஸ்துநாதர் அடைந்த வியாகுலத்தைப் பற்றி அவர் சிறையில் எழுதிவந்த நூல், கர்த்தர் பிடிக்கப்படும் கட்டத்தோடு நின்றுபோயிற்று. அந்தக் கையெழுத்துப் பிரதி ஸ்பெயின் தேசத்து வாலென்ஸியா நகரில் இன்றும் இருக்கிறது.

1534 நவம்பரில், இங்கிலாந்துத் திருச்சபைக்கு மன்னனே தலைவன் என்று பார்லிமெண்ட் சாஸனம் செய்தது. அப்பட்டத்தைத் தீய எண்ணத்தோடு மறுத்துப் பேசுவோர் ராஜத் துரோகிகள் என்று மற்றொரு சட்டம் 1535 பிப்ரவரியில் அமுலுக்கு வந்தது. மோர் பேசவே இல்லை. மௌனத்தைக் குற்றமாக்கும் சட்டம் உலகில் இல்லையென்பதை அந்தப் பழைய வக்கீல் அறிவார். ஜூன் 12ஆம் தேதி அவருடைய நூல்களையும் எழுதுகருவிகளையும் பறிக்க வந்தவர்களோடு, சொலிஸிட்டர் ஜெனரல் ரிச்சர்ட் ரிச்சும் வந்தான். சிநேக பாவனையில் பேச்சுக் கொடுத்துப் போனான். அதன்பின் எழுதுவதற்கு மோருக்குக் கரித்துண்டே மிஞ்சியது. ஜூன் 22ஆம் தேதி ஃபிஷர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

ஜூலை முதல் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை. நீதிபதிகளின் வரிசையில் ஆன் பொலினின் தந்தையும், சகோதரனும், மாமனும் அமர்ந்திருந்தார்கள் என்றால் விசாரணையின் லட்சணம் விளங்கும். பார்லிமெண்டுக்கு அவ்வித அதிகாரமில்லையென்று மோர் தன்னிடம் கூறியதாக ரிச் சத்தியம் செய்தான். எவரிடமும் வெளியிடாத ரகசியத்தை இவனிடமா வெளியிட்டிருப்பேன் என்று மோர் திருப்பிக் கேட்டார். அன்று உடனிருந்த மற்ற இருவரும், புத்தகங்களை மூட்டை கட்டும் வேலையில் பேச்சைக் கவனிக்கவில்லை என்று நழுவினர். ஜூரர்களுக்குக் கால்மணி நேரம் போதுமானதாயிருந்தது. குற்றவாளி என்று முடிவான பின்னரே மோர் வாய் திறந்தார். ஒரு ராஜ்யத்தின் பார்லிமெண்ட் சர்வ திருச்சபைக்குரிய சட்டத்தை மாற்ற இயலாதென்று வெளிப்படையாக அறிவித்தார். தமக்குத் தீர்ப்பளித்தவர்களோடு மோட்சத்தில் களிப்போடு சந்திக்கவேண்டுமென்றும் பிரார்த்தித்தார். டவருக்குத் திரும்பும் வழியில் மார்கரெட் ஆயுதபாணிகளின் நடுவே புகுந்து தந்தையைக் கட்டித் தழுவிக்கொண்டாள். சற்றுத் தூரம் போய் மீண்டும் ஓடிவந்து தழுவினாள். பார்த்திருந்த பலர் அழுதனர்.

ஜூலை 5ஆம் தேதி ரோமச் சட்டையை மகளுக்கு அனுப்பிவிட்டார். கரியால் எழுதிய கடைசிக் கடிதத்தில், மறுநாளே இறக்க விரும்புவதாகக் குறித்தார். அது அர்ச். இராயப்பர் திருநாளின் எட்டாம் நாள். மற்றொரு ஹென்றி மன்னனோடு மாறுபட்டு 1170இல் கொலையுண்ட கான்டர்பரி அர்ச். தாமஸ் பெக்கெட்டின் ஸ்தலாந்தரத் திருநாளுக்கு முந்திய நாள். தம் ஆயுளைத் திருநாட்களைக் கொண்டே அளந்து பழகியவர் மரணத்தையும் அவ்வாறே அளந்தார். மறுநாள் 1535 ஜூலை 6 காலையில் அவருடைய தலை வெட்டப்பட்டது. நீண்ட பிரசங்கம் வேண்டாமென்பது மன்னன் கட்டளை, அதற்கும் கீழ்ப்படிந்தார். மேடை ஏறக் கைகொடுக்கும்படி காவலதிகாரியிடம் வேடிக்கையாகச் சொன்னதும், கொலையாளிக்கு ஒரு பொற்காசு கொடுத்ததும், தாடி துரோகம் செய்யவில்லையே என்று அதை ஒதுக்கிவைத்ததும் இங்கிலாந்தில் வழிவழியாகச் சொல்லப்படுகின்றன.

1886இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ இவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 1935இல் பதினோராம் பத்திநாதர் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தினார். ஹென்றி எந்தச் சபைக்குத் தலைவனானானோ அந்த இங்கிலாந்துச் சபையே 1980 முதல் இவரை ஜூலை 6ஆம் தேதி நினைவுகூருகிறது. 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், ராஜதந்திரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் இவரைப் பாதுகாவலராக நியமித்தார். ரோமச் சட்டை இன்று டெவன் சீமையில் பக்ஃபாஸ்ட் மடத்தில் உள்ளது.

உடல் டவர் கோவிலில் புதைக்கப்பட்டது. தலையை லண்டன் பாலத்தின்மேல் கம்பத்தில் குத்திவைத்தார்கள். அதை ஆற்றில் எறியும் சமயம், மார்கரெட் ஆளைச் சரிக்கட்டி வாங்கிக்கொண்டாள். 1544இல் தான் இறக்கும்வரை பத்திரமாகக் காத்தாள். அது கான்டர்பரி நகரத்து அர்ச். டன்ஸ்டன் கோவிலில், ரோப்பர் குடும்பத்தாரின் கல்லறையில் இருக்கிறதென்பர். 1174ஆம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி, தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்குப் பரிகாரம் செய்யப் போகையில், ராஜ உடையைக் களைந்துவிட்டுப் பாதரட்சையின்றி நடக்கத் தொடங்கியது அந்தக் கோவிலிலிருந்துதான்.