காமராஜர்: காரணம் கேட்டறிந்த முதல்வர்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீது உண்டாவதாக.

உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், பால்குடி மறந்த குழந்தைகளுக்குத்தான் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்று விதித்திருந்தார்கள். ஓர் இரவு ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. விசாரித்தார்கள். அந்தத் தொகைக்காகவே தாய் முன்கூட்டிப் பாலை நிறுத்தியிருந்தாள். தம் சட்டமே பிள்ளையை அழவைக்கிறது என்றறிந்து, பிறந்தது முதலே உதவி உண்டு என்று மாற்றினார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் விசாரித்து ஆட்சி செய்த ஒருவர் இருந்தார், காமராஜர். 1903-ல் விருதுநகரில் பிறந்தார். சிறுவயதில் தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. விடுதலைப் போரில் எட்டு ஆண்டுகளுக்கும் மேல் சிறையிருந்தார். 1954-ல் முதலமைச்சரானார்.

ஊர்தோறும் பள்ளி திறந்தார். ஆனாலும் ஏழைப் பிள்ளைகள் பலர் வரவில்லை. பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று அவர் விட்டுவிடவில்லை. ஆடு மேய்த்த சிறுவனிடம் விசாரித்தபோது, பள்ளிக்கு வந்தால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். பசிதான் காரணம்.

1920-லேயே சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் உணவு கொடுத்தபோது பிள்ளைகள் கூடினார்கள். அந்த அனுபவம் முன்னே இருந்தது. பணம்தான் கேள்வி. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு துணை நிற்க, ஊராரின் நன்கொடையோடு 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. பின்னர் அரசு நிதியும் சேர்ந்தது. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு எல்லாம் அந்தப் பாதையில் வந்தவைதாம். 1975-ல் அவர் மறைந்தபோது குடியிருந்தது வாடகை வீடு.

சகோதரர்களே! ஜகாத்தை எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையாகப் பிரிப்பது சுலபம். ஆனால் ஒரு பிள்ளை பள்ளியை விட்டு வாழைத்தோட்ட வேலைக்குப் போகக் காரணம் தகப்பனின் கடனாக இருக்கலாம், தாயின் மருத்துவச் செலவாகவும் இருக்கலாம். அங்கே நாலு நோட்டுப் புத்தகம் என்ன செய்யும்? கடனாளியும் ஜகாத்துக்கு உரியவரல்லவா?

ஆகவே இந்த ரமளானுக்கு முன், நம் சின்னமனூரில் தெருவுக்கு இருவர் போங்கள். படிப்பை நிறுத்திய பிள்ளைகள் யார், ஏன் என்று அவர்கள் மானம் காத்துக் கேட்டறிந்து வாருங்கள். பிறகு பங்கிடுவோம். அடுத்த ஆண்டு அதே வீட்டுக்குப் போய், பிள்ளை பள்ளியில் இருக்கிறதா என்றும் பார்ப்போம்.

கொடுப்பதைச் சரியாகக் கொடுக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.