வக்கீல் காந்தியும் கரையேற முடியாத நாராயணசாமியும்

மண்ணூர்பேட்டை ஸ்டாப்பில் பஸ்ஸுக்காக நிற்கிறீங்க. போலீஸ்காரர் வந்து, பத்து விரல் ரேகை பதிச்ச சர்ட்டிஃபிகேட்டை எடுங்கன்னு கேட்கிறார். இல்லைன்னா அபராதம், ஜெயில், நாடு கடத்தல்! 1907-ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் நம்மாட்களுக்கு இதுதான் நிலைமை. அவர்களுக்காக நின்ற வக்கீலை ரூபாய் நோட்டில் தினமும் பார்க்கிறோம். (ஜிபே வந்த பிறகு கொஞ்சம் குறைச்சல்தான்.)

காந்தி 1893-ல் டர்பன் போனது ஒரு வியாபாரியின் வழக்குக்காக. அப்போ வயசு 23. அடுத்த வருஷமே, முதலாளி அடித்ததில் பல் உடைந்து, கையில் தலைப்பாகையோடு வந்து நின்றார் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி. அவரை அந்த முதலாளியிடமிருந்து மீட்டுக் கொடுத்த பிறகு ஏழைத் தமிழர்கள் காந்தியின் ஆபீஸைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

1896 டிசம்பரில் குடும்பத்தோடு டர்பன் திரும்பினார். பம்பாயில் பிளேக் என்று காரணம் சொல்லி, இரண்டு கப்பல்களையும் மூன்று வாரத்துக்கு மேல் கரைக்கு விடவில்லை. உண்மையில் இந்தியர்கள் இறங்கவே கூடாது என்று ஊரில் வெள்ளையர் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. 1897 ஜனவரி 13-ல் இறங்கியவருக்கு விழுந்தது கல்லும் அடியும். போலீஸ் அதிகாரியின் மனைவி குடையை விரித்து நடுவில் நிற்கவில்லை என்றால், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் ப்ராக்டிஸ். விரல் ரேகைச் சட்டத்தை எதிர்த்ததால், தான் வாதாடிய கோர்ட்டிலேயே 1908 ஜனவரி 10-ல் குற்றவாளியாக நின்றார். அதிகபட்ச தண்டனை கொடுங்கன்னு கேட்டார். கிடைத்தது இரண்டு மாசம். அந்த ஆகஸ்ட்டில் மசூதி வாசலில் ஆயிரக்கணக்கான சர்ட்டிஃபிகேட்டுகள் எரிந்தன.

ஒண்ணு சொல்லணும். அவர் அப்போது போராடியது இந்தியர்களுக்கு மட்டும்தான். கறுப்பின மக்களைப் பற்றி அந்த நாட்களில் அவர் எழுதியவை இன்றைக்குப் படித்தால் சங்கடமாகவே இருக்கும்.

போராடியவர்களை அரசு நேட்டால் எல்லைக்கு அந்தப்பக்கம் தள்ளியது. அவர்கள் திரும்பி வந்தார்கள். சரி, இந்தியாவுக்கே அனுப்பு என்றது. அப்படிக் கப்பலேற்றப்பட்டவர்களில் நிறைய பேர் தமிழர்கள். சிலர் அங்கேயே பிறந்தவர்கள். கையில் காசில்லை, வீடும் குடும்பமும் கடலுக்கு அந்தப்பக்கம். மெட்ராஸில் அவர்களுக்குச் சோறும் இடமும் ஏற்பாடு செய்தவர் பதிப்பாளர் ஜி.ஏ.நடேசன்.

திரும்பிப் போனவர்களில் ஒருவர் நாராயணசாமி. எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை. கப்பலின் மேல்தளத்தில், குளிரில் கிடந்தே வாரங்கள் போயின. 1910 அக்டோபர் 16-ல் டெலகோவா விரிகுடாவில் இறந்துபோனார்.

1913 மார்ச்சில் இன்னொரு அடி. கணவரிடம் வந்த ஒரு முஸ்லிம் பெண்ணைத் திருப்பி அனுப்பிய வழக்கில், கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணம் செல்லாது என்ற அர்த்தத்தில் நீதிபதி சேர்ல் தீர்ப்பு சொன்னார். தமிழ்ப் பெண்கள் தெருவில் இறங்கியது இதற்குப் பிறகுதான். சிறையில் காய்ச்சல் கண்ட தில்லையாடி வள்ளியம்மை, 16 வயதில் இறந்தார். 1914-ல் வந்த சட்டம் அந்தத் திருமணங்களை ஏற்றது, 3 பவுண்டு வரியையும் ஒழித்தது. குடியேற்றத் தடை மட்டும் அப்படியே இருந்தது.

1915 ஏப்ரலில் காந்தி மெட்ராஸ் வந்தார். தங்கியது தம்புச் செட்டித் தெருவில், அதே நடேசன் வீட்டில். வரவேற்புக் கூட்டத்தில் எல்லோரும் அவரைப் புகழ, அவர் பேசியதோ நாகப்பன், நாராயணசாமி, வள்ளியம்மை பற்றி.