பருமலைத் திருமேனி

நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாள். பெங்களூர் ஈஜிபுராவில் குடியிருக்கும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அன்று பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள்.

அதே நாளில் பக்கத்து வீட்டு மலையாளிகள் சிலர் ஊரில் இருப்பதில்லை. கன்னியாகுமரி எக்ஸ்பிரசில் ஏறி, திருவல்லாவில் இறங்கி, பம்பை ஆற்றங்கரையில் உள்ள பருமலைக்குப் போய்விடுவார்கள். அவர்களும் ஒரு கல்லறையின் முன்தான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் பருமலைத் திருமேனி. கேரளத்து ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் தங்கள் மேற்றிராணியாரைத் திருமேனி என்று அழைப்பது வழக்கம்.

தாயில்லாப் பிள்ளை

கொச்சியை அடுத்த முளந்துருத்தியில் 1848-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கீவர்கீஸ். 2 வயதிலேயே தாயை இழந்தார். அக்காள்தான் வளர்த்தார்.

உறவினரான குரு ஒருவர் அவருக்குச் சுரியானி மொழியையும் ஜெபங்களையும் கற்றுக்கொடுத்தார். 1857-ல், 9 வயதில், குருத்துவத்தின் முதல் படியில் வைக்கப்பட்டார்.

பின்னர் அந்த ஆசிரியர் பெரியம்மை கண்டு இறந்தார். சிறுவனுக்கும் அம்மை வார்த்தது. பிழைத்து எழுந்தவர், மிஞ்சிய வாழ்நாள் கடவுளுக்கே என்று உறுதி செய்துகொண்டார் என்பது அவரது வரலாறு.

7 வேளை ஜெபம்

குருவான பிறகு வெட்டிக்கல் என்ற ஊரில் உள்ள துறவி மடத்தில் தங்கினார். அவருடைய வாழ்வு உருவானது அங்கேதான்.

ஆர்த்தடாக்ஸ் சபையில் பக்திக்கு ஒரு கால அட்டவணை உண்டு. நாள் பொழுது சாயும்போதே தொடங்குகிறது. மாலை, படுக்கும் முன், நள்ளிரவு, விடியல், முற்பகல், நண்பகல், பிற்பகல் என 7 வேளை கிழக்கு நோக்கி நின்று ஜெபிக்க வேண்டும்.

வாரத்தில் புதனும் வெள்ளியும் நோன்பு. ஈஸ்டருக்கு முன் 50 நாள், கிறிஸ்துமசுக்கு முன் 25 நாள், ஆகஸ்டில் மாதாவுக்காக 15 நாள் என்று நீண்ட நோன்புகளும் உண்டு. பெரிய நோன்பில் முழங்காலிட்டு, நெற்றி தரையில் பட வணங்குவார்கள்.

மனம் வந்தாலும் வராவிட்டாலும் வேளை தவறக் கூடாது. உடல் வளைந்து பழகினால் மனமும் வளையும் என்பது இந்த வழியின் கணக்கு. பணிவும் பொறுமையும் ஒரே நாளில் வருவதில்லை, பழக்கத்தில் வருகின்றன. கீவர்கீஸ் இந்த ஒழுங்கை எள்ளளவும் விடாமல் காத்தார். நள்ளிரவு ஜெபம் அவருக்குத் தூக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

28 வயதில் பதவி

1875-ல் சிரியா சபையின் தலைவரான பாத்திரியார்க்கீஸ் கேரளம் வந்தார். 1876-ல் அவர் 6 பேரை மேற்றிராணியார்களாக உயர்த்தினார். அவர்களில் கீவர்கீசே இளையவர், வயது 28. மக்கள் அவரைக் கொச்சுத் திருமேனி என்று அழைத்தார்கள்.

பதவி வந்தபின்னும் ஜெபமும் நோன்பும் குறையவில்லை. பருமலையில் குரு மாணவர்களுடன் தங்கி, அவர்களுக்கு விதித்த ஒழுங்கைத் தாமும் கடைப்பிடித்தார்.

ஜெப அறையோடு அவர் நின்றுவிடவும் இல்லை. குன்னங்குளம், முளந்துருத்தி, நிரணம் ஆகிய இடங்களில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-ல்தான். ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அந்த மக்களைச் சபைக்குள் சேர்க்க அவர் பாடுபட்டார்.

1895-ல் ஜெருசலேம் யாத்திரை போய்வந்து, அதைப் பற்றி நூல் எழுதினார். மலையாளத்தில் அச்சில் வந்த முதல் பயண நூல் அதுவே என்பார்கள். அதற்கு முன்பே எழுதப்பட்ட வர்த்தமானப் புஸ்தகம் அச்சேறியது 1936-ல்.

மூல நோய் அவரை நெடுநாள் வாட்டியது. 1902-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, 54-வது வயதில் காலமானார்.

இரு தரப்புக்கும் பொது

1947-ல் அவருடைய சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நம் நாட்டுத் தேவசகாயம் பிள்ளைக்கு ரோமாபுரி புனிதர் பட்டம் அளித்தது 2022-ல் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

அவர் சேவை செய்த சபை பிற்காலத்தில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா என்று இரண்டாகப் பிரிந்தது. கோயில்கள் யாருக்கு என்ற வழக்கு தலைமுறை தலைமுறையாக நடந்து, 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வரை போனது. ஆனால் பருமலைத் திருமேனி வேண்டாம் என்று எந்தத் தரப்பும் சொன்னதில்லை. 1987-ல் பாத்திரியார்க்கீசும் அவரைப் புனிதராக ஏற்றார். சொத்துக்கு வழக்கு உண்டு. அவர் வாழ்ந்த வாழ்வுக்கு வழக்கு இல்லை.

ஷிப்டு வேலைக்கும் ஆபீசுக்கும் ஓடுகிறவர்களால் 7 வேளையும் நின்று ஜெபிக்க இயலாது. அதனால் அந்தக் குடும்பங்கள் மாலையும் காலையுமாவது தவறாமல் கூடி ஜெபிக்கின்றன. வீடு சிறியதாக இருந்தாலும் கிழக்குச் சுவரில் ஒரு சிலுவையும், பக்கத்தில் நீண்ட தாடியுடன் பருமலைத் திருமேனியின் படமும் இருக்கும்.