சம்புநாத் டே: காலராவின் நஞ்சைக் கண்டறிந்தவர்

இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் வாழும் முதியோரைக் கேளுங்கள். வாந்திபேதி கண்டவர்களைத் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற நாள்களை நினைவுகூர்வார்கள். அந்நோயில் உடல்நீர் ஏன் அத்தனை விரைவாக வெளியேறுகிறது என்பதற்கு விடை கண்டவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே.

1915 பிப்ரவரி 1 அன்று வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, இலண்டனில் முனைவர் பட்டம் பெற்று, 1949இல் தாயகம் திரும்பினார்.

காலராக் கிருமியை இராபர்ட் காக் 1884இலேயே கொல்கத்தாவில் தனியே பிரித்து வளர்த்திருந்தார். அது நஞ்சைச் சுரக்கக்கூடும் என்றும் கருதினார். பின்வந்தோர் அந்நஞ்சைத் தேடி விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தனர், பேதி உண்டாகவில்லை. டே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள்ளேயே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் கோத்து உப்பியிருந்தது. நோய் நிகழும் இடத்திலேயே அதைத் தேடவேண்டும் என்ற இச்சிறு தெளிவுக்கு எழுபது ஆண்டுகள் ஆயின என்பது வியப்பே. 1959இல், கிருமியை வடிகட்டி நீக்கிய வளர்ப்புநீரும் அதே விளைவைத் தருவதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். நஞ்சு இருப்பது உறுதியாயிற்று.

அறிவியலர் ஜோஷுவா லெடர்பெர்க் இவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார், பரிசு கிட்டவில்லை. 1973இல் ஓய்வுபெற்ற டே, 1985 ஏப்ரல் 15 அன்று காலமானார்.

அவர் மறைந்து ஏழு ஆண்டுகளில் அவ்வினா நம் நகருக்கே வந்தது. மலமாதிரியில் வளர்ந்த கிருமி ‘ஓ1’ ஆன்டிசீரத்துடன் கலக்கும்போது திரண்டால் அதைக் கொள்ளைநோய்க் காலரா என்பது ஆய்வக வழக்கம். திரளாதவை கொள்ளைநோயாகப் பரவா எனக் கருதினர். 1992இன் பிற்பகுதியில் சென்னையில் பரவிய கிருமியோ திரளவில்லை. ஆயினும் காலரா நஞ்சைச் சுரந்தது. அதற்கு ‘ஓ139’ என்று பெயரிட்டனர். இன்று ஆய்வகங்கள் இரு ஆன்டிசீரங்களையும் கொண்டு சோதிக்கின்றன.

இந்நஞ்சு குடற்சுவரைச் சிதைப்பதில்லை. ஆகவே உப்பும் சர்க்கரையும் நீரும் உறிஞ்சப்படும். அரிசி கழுவிய நீர் போன்ற பேதி கண்டால் ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே தொடங்கி, மருத்துவமனைக்கு வாருங்கள். இயன்றவரை, ஆன்டிபயாடிக் மருந்து உட்கொள்ளும் முன்னரே மலமாதிரியைக் கொடுத்துவிடுங்கள்; அதன் பின்னர் கிருமி வளராமல் போகலாம்.